கோப்பியின் வலது காது

கோகிலாவுக்குக் கோபம் வந்தால் ஜெலுத்தோங்கில் அந்த ரோடு முழுக்கத் தெரியும். இருபது வருடமாகப் பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி சொல்லிக்கொடுத்துப் பழகிய தொண்டை, மைக்கே வேண்டாம். அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் காரை உள்ளே விட்டுவிட்டு அவள் கேட்டை இழுத்து அடைத்த வேகத்திலேயே எதிர்வீட்டுக்காரர் தன் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

"யாரு குடுத்தது? எனக்கு இப்பத் தெரிஞ்சாகணும்!"

கார் நிறுத்துகிற இடத்தில் கோப்பி தலையைச் சாய்த்து, வலது காதைச் சிமெண்டுத் தரையில் தேய்த்துக்கொண்டிருந்தான். கோப்பி நாய்தான். ஆனால் அந்த வீட்டில் யாராவது 'அது' என்று சொன்னால் கோகிலா முறைப்பாள், அதனால் அவன் என்றே இருக்கட்டும். தரையில் பழுப்பாக ஒரு இழுப்பு, அதன் ஓரத்தில் ரத்தம். கிட்டே போனால் குடலைப் பிடுங்குகிற நாற்றம். முன்னங்கால் இரண்டையும் நக்கி நக்கி விரலிடுக்கெல்லாம் புண்ணாக்கி வைத்திருந்தான். சனிக்கிழமைதான் அவளே டார்ச் அடித்துப் பார்த்தாள். காது கொஞ்சம் காய்ந்து வந்திருந்தது. மூன்றே நாளில் இப்படி.

உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருந்த அவள் புருஷன் நாகப்பன், பேப்பரை இறக்காமலே கையை ஆட்டினார். "நான் இல்லம்மா. ரொட்டி சானாய் வாங்குனாகூட கடையிலேயே தின்னுட்டு, கையைக் கழுவிட்டுத்தான் வீட்டுக்கு வர்றேன். என்னையப் பாக்காத."

"அப்ப ஆவியா வந்து குடுத்துச்சு?"

சமையலறையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள் முத்தம்மை. நாகப்பனின் அக்கா, கோகிலாவுக்கு ஆச்சி. புருஷன் போனபிறகு தம்பி வீட்டோடு வந்துவிட்டவள். அறுபது வயது, இரண்டு முழங்காலும் தகராறு. "நான் ஏன்த்தா குடுக்கப் போறேன்? நீதான் எழுதி ஒட்டியிருக்கியே" என்றாள், கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஒட்டியிருந்தது நிஜம்தான். ஐஸ்பெட்டிக் கதவில் ஒரு வெள்ளைத்தாள். தமிழிலும் மலாயிலும் ஒரே வரி: 'கோப்பிக்குச் சாப்பாடு எதுவும் கொடுக்க மாட்டேன்.' கீழே நாகப்பன் கையெழுத்து, முத்தம்மை ஆச்சி கையெழுத்து, கேஸ் தூக்கி வருகிற ஆள் கையெழுத்து, பக்கத்து வீட்டு நோர்மா கையெழுத்து. நோர்மா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சிரித்துக்கொண்டே போட்டது. நாயைத் தொடவே மாட்டாத என்னிடம் எதற்கு இது என்று கேட்டாள். இருக்கட்டும், போடு என்று வாங்கிக்கொண்டாள் கோகிலா.

"அஞ்சு வாரம் ஓடிப்போச்சு," கோகிலா ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள். "இன்னும் மூணே வாரம். அதுக்குள்ள காது அடங்கலன்னா டாக்டர் அறுத்து எடுத்துடுவாங்க. தெரியும்ல? தெரிஞ்சும் எவனோ எவளோ குடுக்குறீங்க. மனுசங்களா நீங்க?"

நாகப்பன் பேப்பரைத் திருப்பினார், முத்தம்மை அடுத்த கீரைக்கட்டை அவிழ்த்தாள்.

கோப்பிக்கு வயது ஐந்து. லிட்டில் இந்தியாவில் ஒரு மசாலாக் கடை வாசலில் மழைக்கு ஒதுங்கி நின்ற குட்டியைப் பையில் போட்டுக்கொண்டு வந்தவள் கோகிலாதான். குடிக்கிற கோப்பியின் நிறத்தில் இருந்ததால் நாகப்பன் வைத்த பேர் அது. முதல் மூன்று வருடம் ஒரு குறையும் இல்லை. பிறகு சொறிய ஆரம்பித்தான். முதலில் கால், அப்புறம் அடிவயிறு, அப்புறம் இரண்டு காதும். தெள்ளுப்பூச்சி என்றார்கள், மருந்து போட்டார்கள். புல் சேரவில்லை என்றார்கள், புல்லில் விடவில்லை. ஷாம்பூ மாற்றினார்கள். எதற்கும் அடங்காதபோது ஊசி. ஊசி போட்டால் மூன்று வாரம் தேவலை, அப்புறம் பழையபடி. இப்படியே இரண்டு வருடம். கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை ரத்தப் பரிசோதனை வந்தது. ஊசி மருந்து ஈரலைத் தின்றிருந்தது.

அதற்கப்புறம்தான் டாக்டர் அதிராவைக் கண்டுபிடித்தாள். சின்ன வயசு, அலட்டல் கிடையாது. காதுக்குள் கருவியை விட்டுப் பார்த்துவிட்டு, "இவன் வீட்டுல என்னென்ன சாப்பிடுறான், டீச்சர்?" என்று கேட்டாள்.

கோகிலா சொன்னாள். காலையில் கோப்பியில் முக்கின பிஸ்கட். மத்தியானம் குழம்புச் சோறு, கோழியோ மீனோ என்ன இருக்கிறதோ அது. ஆச்சி சுடுகிற பணியாரம். நாகப்பன் கடையில் பொட்டலம் கட்டித் தாப்பாவ் பண்ணிக்கொண்டு வருகிற நாசி லெமாக் சோற்றில் முட்டை. ராத்திரி பால்சோறு. நடுவில் கடையில் வாங்கின நாய்த் தீனி. சொல்லச் சொல்ல டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தாள்.

"உணவு ஒவ்வாமை மாதிரிதான் தெரியுது. எதுனாலன்னு ரத்தத்தைப் பாத்துச் சொல்ல முடியாது, ஒரே வழிதான் இருக்கு. பொறந்ததுல இருந்து அவன் தின்னாத ஒரு கறி, தின்னாத ஒரு கிழங்கு. எட்டு வாரம் அது மட்டும்தான், அப்புறம் தண்ணி. வேற ஒரு நக்கு உள்ள போனாலும் அதுவரைக்கும் இருந்ததெல்லாம் வீண். பூச்சி மாத்திரைகூட மாத்திடணும், இதுல மாட்டுக்கறி வாசனை சேர்த்திருக்கு."

இரண்டு வருடமாக மாதாமாதம் அந்த மாத்திரையை விபூதி பூசின கையால் நாய் வாயில் போட்டுவிட்டவள் முத்தம்மை. அதை மட்டும் கோகிலா வீட்டில் வந்து சொல்லவில்லை.

"வலது காதுதான் மோசம்," டாக்டர் சொன்னாள். "குழாய் தடிச்சுப் போய் பாதி மூடிக்கிச்சு. ஈரல் இருக்குற நெலமையில இனி அந்த ஊசி போட முடியாது. எட்டு வாரத்துல இது அடங்கணும். இல்லன்னா காதுக்குழாயையே எடுக்க வேண்டியதுதான். அந்தப் பக்கம் அப்புறம் கேக்காது."

கோகிலா மறுநாளே ஆரம்பித்தாள். கெப்பாலா பத்தாஸில் முயல் வளர்க்கிற ஒருத்தரைப் பிடித்தாள். இரண்டு வாரத்துக்கு ஒருதரம் தீவிலிருந்து கடல்பாலத்தைத் தாண்டிப் போய்க் கறி வாங்கி வந்தாள். "முயலா! கண்ணைப் பாத்தா கொழந்தை மாதிரி இருக்கும், அதையா?" என்று முத்தம்மை நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். சமையலறையில் அதை ஏற்றக்கூடாது என்று சொல்லிவிட்டாள். சரி என்று கோகிலா பின்கட்டில் தனி அடுப்பு, தனிச் சட்டி, தனிக் கத்தி வைத்துக்கொண்டாள். முயல்கறி, சக்கரவள்ளிக்கிழங்கு, உப்புக்கூடக் கிடையாது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் ஆய்வகத்தில் ஒரு சொட்டு கூடுதலாக விட்டால் முழு ஆய்வையும் திரும்பச் செய்யச் சொல்கிறவள் அவள். தன் வீட்டில் விடுவாளா? ஒரு நோட்டுப் போட்டாள். தினமும் எத்தனை தடவை சொறிகிறான், எத்தனை தடவை தலையை உதறுகிறான், எல்லாம் அதில்.

அந்த நோட்டுதான் அவளைப் பைத்தியமாக்கியது. புதன் குறையும். வெள்ளி இன்னும் குறையும். சனிக்கிழமை நிம்மதியாகத் தூங்குவான். திங்கட்கிழமை சொல்லிவைத்தாற்போல் ஏறும். ஐந்து வாரமும் அப்படியே. அதுவும் ஒரு வாரத்துக்கு ஒரு வாரம் கூடுதலாக. அப்படியென்றால் ஞாயிற்றுக்கிழமை யாரோ எதையோ கொடுக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்திலிருந்து அவள் வீட்டில் இல்லை. புக்கிட் மெர்தாஜாமில் டியூஷன் வகுப்பு, வர இரவு எட்டாகிவிடும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை நோட்டை வைத்துக்கொண்டு அவள் வேலியோரம் நடந்தபோது காலில் ஒரு எலும்பு இடறியது. கோழி எலும்பு. நன்றாக வெந்தது, வெள்ளை வெளேரென்று.

நோர்மா வீட்டில் நான்கு பூனை. ஞாயிற்றுக்கிழமைதான் அவள் கோழி வேகவைத்துப் பூனைகளுக்குப் போடுவாள். அவ்வளவுதான், கோகிலாவுக்கு வேறு ஒன்றும் தேவைப்படவில்லை.

"நோர்மா! வெளிய வா!"

இருவரும் மலாயில்தான் பேசிக்கொள்வார்கள். அன்றைக்கு மலாயோடு கொஞ்சம் தமிழும் சேர்ந்து வந்தது. கையில் எலும்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நடுரோட்டில் நின்று, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டாள். கையெழுத்துப் போட்டாயே, சிரித்துக்கொண்டே போட்டாயே, வெட்கமாக இல்லையா? உனக்கு நாய் பிடிக்காது என்றால் என்னிடம் சொல்லியிருக்கலாமே, இப்படியா வாரா வாரம் கொல்வாய்? தொழுகைக்கு வேறு போகிறாயே!

அந்தக் கடைசி வார்த்தையில் நோர்மாவின் முகம் மாறிப்போனது.

"பூனை இழுத்துட்டு வந்திருக்கும். உன் நாய் அதைக் கடிக்கக்கூட இல்ல, பாரு, முழுசா இருக்கு," என்றாள். "அவன் காதுல ரத்தம் வருதுன்னு முதல்ல உனக்கு வாட்ஸ்அப் அனுப்பினது யாரு, கோகிலா? உன் வீட்டுக்காரரா? நான். நாயைத் தொடாதவள்தான். அதுக்காக வலியில கத்துறது காதுல விழாதா?"

"பொய் சொல்லாத!"

நோர்மா உள்ளே போய்விட்டாள். மறுநாள் பொழுது விடிந்தபோது வேலி நெடுகத் தோளுயரத்துக்குப் பச்சை வலை கட்டியிருந்தது. பூனைகளைக் காணோம். நாகப்பன் மட்டும், "கொஞ்சம் அதிகமாத்தான் பேசிட்டம்மா" என்றார். அவருக்கும் கிடைத்தது.

அந்த வாரமும் வெள்ளி, சனி குறைந்தது. கோகிலாவுக்கு உள்ளுக்குள் ஒரு வெற்றி. ஆளைக் கண்டுபிடித்தாயிற்று, வலையும் கட்டியாயிற்று, இனி தேறிவிடுவான்.

ஞாயிற்றுக்கிழமை புக்கிட் மெர்தாஜாமில் டியூஷன் நிலையத்தில் கரண்டு போய்விட்டது. அரை மணி நேரம் பார்த்தார்கள், வரவில்லை. பிள்ளைகளை அனுப்பிவிட்டு அவளும் கிளம்பினாள். பாலத்தில் நெரிசல் இல்லை. ஐந்து மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிட்டாள். நாகப்பன் வெளியே போயிருந்தார். கேட்டைத் திறந்த சத்தத்துக்குக் கோப்பி ஓடி வரவில்லை. உள்ளே சாமி ரூமில் விளக்கு எரிந்தது. வயிரவர் படத்துக்குப் புதுப் பூ போட்டிருந்தது. சாம்பிராணி வாசனை வீடு முழுக்க.

பின்கட்டில் முத்தம்மை குட்டி முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். தலைக்குக் குளித்து ஈரமுடியை முடிந்திருந்தாள். அவள் மடியருகே கோப்பி. அவன் முன்னால் எவர்சில்வர் கிண்ணம். அதற்குள் மூக்கு வரைக்கும் முகத்தை விட்டு அவன் நக்கிக்கொண்டிருந்தான். மீசையெல்லாம் வெள்ளை.

"வயிரவா, வாயில்லாத சீவன், சொகமாக்கிக் குடுப்பா," என்று முத்தம்மை அவன் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"ஆச்சி!"

முத்தம்மை நிமிர்ந்தாள். முகத்தில் பயமும் இல்லை, திருட்டு முழியும் இல்லை. "வந்துட்டியாத்தா? சத்தம் போடாத, ராகுகாலம் இன்னும் முடியல."

"என்ன அது?"

"தயிர்சாதம்."

கோகிலா கிண்ணத்தைப் பிடுங்கிச் சுவரில் அடித்தாள். சோறு சுவரெல்லாம் தெறித்தது. கோப்பி வாலைச் சுருட்டிக்கொண்டு முயல் சட்டி இருந்த மேசைக்கு அடியில் போய் ஒண்டினான்.

"கையெழுத்துப் போட்டீங்களே! உங்க கையால போட்டீங்களே ஆச்சி!"

"போட்டேன். சாப்பாடு குடுக்க மாட்டேன்னுதானே போட்டேன்?" முத்தம்மைக்கும் குரல் ஏறியது. "குடுத்தேனா? ஒரு பருக்கை குடுத்தேனா? முறுக்கு தின்னாகூட தூளை அள்ளிப் போட்டுட்டுத்தான் எந்திரிக்கிறேன். இது சாப்பாடா? சாமிக்குப் படைச்சது. பிரசாதம்!"

"பிரசாதம்னா? அந்தத் தயிர் மாட்டுப்பால்ல உறையலயா? வானத்துல இருந்து ஊத்துனாங்களா?"

"சாமி பேரைச் சொல்லிக் குடுத்தா கெட்டது செய்யுமாத்தா?"

"செஞ்சிருச்சே! பாருங்க, அவனைப் பாருங்க! நஞ்சை வச்சிருந்தா ஒரேயடியாப் போயிருப்பான், இந்தச் சித்திரவதை இருந்திருக்காது! அஞ்சரை வாரம் ஆச்சி! கெப்பாலா பத்தாஸுக்கும் வீட்டுக்கும் நாயா அலைஞ்சு, வேகவச்சு, நிறுத்துப் போட்டு... நோர்மாவை நடுரோட்டுல வச்சு என்னென்ன பேசுனேன்! எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு உள்ளதானே இருந்தீங்க? ஒரு வார்த்தை சொன்னீங்களா? வாயில என்ன இருந்துச்சு?"

முத்தம்மை சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். முழங்கால் மடங்கி நிமிர நேரம் பிடித்தது. கோகிலா கை கொடுக்கவில்லை.

"நேந்துக்கிட்டது நீதானேத்தா," என்றாள் முத்தம்மை.

"என்னது?"

"எட்டு ஞாயித்துக்கிழமை ராகுகாலத்துல வயிரவருக்குத் தயிர்சாதம் படைச்சு நாய்க்குப் போடுறேன்னு நேந்துக்கிட்டது நானா? நீ. மொத ஞாயிறு நீதான் கோயிலுக்குப் போய்ப் போட்டுட்டு வந்த. அடுத்த வாரம் காலுல சப்பாத்து மாட்டிக்கிட்டே என்ன சொன்ன? 'ஆச்சி, டியூஷன் இருக்கு, மிச்சத்தை நீங்க பாத்துக்குங்க, விட்டுறாதீங்க'ன்னு சொன்னியா இல்லையா? இந்தக் காலை வச்சுக்கிட்டு நான் கோயிலுக்கு எங்க போறது? வீட்டுல படம் இருக்கு, வீட்டுல நாய் இருக்கு. இதோட ஏழு. ஒரு வாரம் விடல நான்."



ஈரல் கெட்டுவிட்டது என்று தாள் வந்த அந்த வெள்ளிக்கிழமை ராத்திரி. தண்ணிமலைக் கோயிலில் வயிரவர் சன்னதிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதது அவள்தான். எட்டு ஞாயிறு என்று சொன்னது அவள் வாய்தான். அந்த ஞாயிறு வெளியில் திரிந்த இரண்டு நாய்களுக்குப் போட்டுவிட்டு, மனசு லேசாகி வந்ததும் அவள்தான். டாக்டர் அதிராவைப் பார்த்தது அதற்கு அடுத்த செவ்வாய். 'என்னென்ன சாப்பிடுறான்' என்று கேட்டபோது கோப்பி பிஸ்கட் முதல் மாத்திரை வரை ஒன்று விடாமல் ஒப்பித்தவளுக்கு, இது மட்டும் ஞாபகத்துக்கே வரவில்லை. பிறகும் வரவில்லை. சாமிக்கு நேர்ந்தது ஒரு பக்கம் இருந்தது, நாய்ச் சாப்பாடு இன்னொரு பக்கம் இருந்தது. நோட்டுப் போட்டு, கோடு கிழித்து, ஊரையெல்லாம் சந்தேகப்பட்ட அந்த மூளை இரண்டையும் சேர்த்துப் பார்க்கவே இல்லை. ஞாயிறு ஞாயிறு என்று தலையில் அடித்துக்கொண்டவள், அந்த ஞாயிறு தான் வாய்விட்டுச் சொன்ன ஞாயிறு என்று யோசிக்கவில்லை.

"வாரா வாரம் காது மோசமாகுதுன்னு நீ அழுவுற," முத்தம்மை முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "சாமிக்குக் குறை வச்சுட்டோமோன்னுதான்... மொதல்ல ரெண்டு கரண்டி போட்டேன். அப்புறம் கிண்ணத்தைப் பெருசாக்கினேன்."

திங்கட்கிழமை கோகிலா பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டுக் கோப்பியைத் தூக்கிக்கொண்டு போனாள். டாக்டர் அதிரா நோட்டைப் புரட்டினாள். "ஞாயித்துக்கிழமைன்னு எழுதி வட்டம் போட்டிருக்கீங்க. யாருன்னு கண்டுபிடிச்சிட்டீங்களா?"

"நான்தான்," என்றாள் கோகிலா.

எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டர் திட்டவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. ஆறு தரம் பால் சாமான் உள்ளே போயிருக்கிறது, ஆறு தரமும் மறுநாளே ஏறியிருக்கிறது, பால்தான் என்பதில் இனிச் சந்தேகம் இல்லை என்றாள். வேறு எதுவும் கூட இருக்கலாம், பிறகு ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்க்கலாம். பாலை விட்டால் கால் ஆறிவிடும், வயிறு ஆறிவிடும், இடது காது தப்பித்துக்கொள்ளும்.

"வலது?"

டாக்டர் காதின் ஸ்கேன் படத்தைத் திருப்பிக் காட்டினாள். "குழாய் முழுசா மூடிக்கிச்சு. செவிப்பறை கிழிஞ்சு சீழ் உள்ள இறங்கியிருக்கு. விட்டா மூளைப் பக்கம் போகும்."

"இன்னும் ஒரு எட்டு வாரம் குடுங்க டாக்டர். நான் வேலையை விட்டுட்டு வீட்டுல உக்காந்து பாத்துக்கிறேன். ஒரு ஈ அண்டாது."

"ரெண்டாவது வாரம் இதைச் சொல்லியிருந்தா காப்பாத்தியிருக்கலாம், டீச்சர். இப்ப இல்ல."

வெள்ளிக்கிழமைக்கு நாள் குறித்தார்கள்.

வீட்டில் முத்தம்மை பேசுவதை நிறுத்திவிட்டாள். நஞ்சு வைத்தவள் என்று சொன்ன வாயோடு எனக்கென்ன பேச்சு என்று தம்பியிடம் சொல்லியிருந்தாள். நியாயம்தானே? நாகப்பன் இரண்டு பேருக்கும் நடுவில் கோப்பித் தம்ளரைத் தூக்கிக்கொண்டு அலைந்தார். உறைமோர்ச் சட்டியை முத்தம்மையே கழுவிக் கவிழ்த்துவிட்டாள். ஆனால் வியாழக்கிழமை அவளால் இருக்க முடியவில்லை. கோகிலாவின் அறை வாசலில் வந்து நின்று, "ஒரு ஞாயிறு பாக்கி நிக்குது," என்றாள். "நேந்ததை அந்தரத்துல விட்டா நாளைக்குக் கத்தி வைக்கிற நேரத்துல ஏதாச்சும் ஆயிரும்த்தா. எனக்குப் பயமா இருக்கு."

"நான் போய்ச் சொல்லிக்கிறேன், ஆச்சி. நீங்க பேசாம இருங்க."

அன்று சாயங்காலமே போனாள். வயிரவர் எப்போதும்போல் நின்றுகொண்டிருந்தார், பக்கத்தில் கல்நாய். கோகிலா கும்பிடவில்லை.

"பாக்கி ஒண்ணும் கெடையாது," என்றாள். சன்னதியில் விளக்கேற்றிக்கொண்டிருந்த பண்டாரம் திரும்பிப் பார்த்தார். "ஏழோட சரி. உனக்குத் தெரியாதா? பக்கத்துல ஒண்ணை வச்சுக்கிட்டு நிக்கிறியே, நாய்க்கு என்ன சேரும் என்ன சேராதுன்னு உனக்குக்கூடவா தெரியாது? வாரா வாரம் வாங்கிக்கிட்டியே! ஒரு தரம், ஒரே ஒரு தரம், அந்தக் கிண்ணத்தைத் தட்டிவிடக் கூடாதா?"

இன்னும் நிறையச் சொல்லத்தான் வந்தாள். ஆனால் அங்கேயே நிற்க நிற்க, யாரைத் திட்டுகிறோம் என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. தயிர்சாதம் கொண்டுவா என்று அவர் எப்போது கேட்டார்? தருகிறேன் என்று தானாகச் சொன்னவள் அவள். செய்யச் சொல்லி இன்னொருத்தி தலையில் கட்டியவள் அவள். கட்டியதை மறந்துவிட்டு ஆறு வாரம் ஊரைத் திட்டியவளும் அவள்தான். கம்பியைப் பிடித்திருந்த கையை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

வெள்ளிக்கிழமை அறுவை நல்லபடியாக முடிந்தது. அடுத்த புதன்கிழமை கோப்பியை வீட்டுக்கு அழைத்து வந்தாள். தலையில் பாதி மழித்து, வலது பக்கம் காதடியில் நெடுகத் தையல். கழுத்தில் பிளாஸ்டிக் கூம்பு. காரிலிருந்து இறங்கியதும் புண் பிடித்த காலை ஒருதரம்கூட நக்கப் பார்க்கவில்லை. கேட்டுக்கு உள்ளே வெயிலில் போய், கேட்டுக்கு வலது பக்கத்தைக் காட்டியபடி உட்கார்ந்துகொண்டான்.

வேலிக்கு அந்தப் பக்கம் நோர்மா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பச்சை வலைக்கு மேலே தலை மட்டும் தெரிந்தது. கோகிலா கிட்டே போனாள்.

"நோர்மா. நீ இல்ல. எங்க வீட்டுலதான் குடுத்தாங்க. நான் சொல்லித்தான் குடுத்தாங்க. அன்னிக்குப் பேசுனதுக்கு... மன்னிச்சிரு."

நோர்மா கையிலிருந்த துணியை உதறிக் கொடியில் போட்டாள். கிளிப்பை மாட்டினாள். பிறகுதான் திரும்பினாள்.

"என்னைத் திட்டினப்ப நடுரோட்டுல நின்னு திட்டின. மன்னிப்பை மட்டும் ஏன் காதுக்குள்ள வந்து கேக்குற?"

கோகிலாவுக்குச் சுருக்கென்றது. சரிதான். கேட்டைத் திறந்துகொண்டு வெளியே போனாள். அன்றைக்கு எலும்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்ற அதே இடத்தில், நடுரோட்டில் நின்றாள்.

"எல்லாரும் கேட்டுக்குங்க! நோர்மா மேல ஒரு தப்பும் இல்ல! என் நாய்க்குச் சேராததைக் குடுக்க வச்சது நான்! நான் சொன்னதுதான் பொய்! கேட்டுச்சா? நான்தான்!"

எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. தமிழும் மலாயும் கலந்து இன்னொரு முறையும் சொன்னாள், மூச்சு வாங்கும் வரைக்கும். முன்வாசலில் முத்தம்மை சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். நோர்மா வலைக்கு மேலே அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தக் குரல் கேட்டுக் கோப்பி எழுந்துவிட்டான். அவள் குரல் என்றால் அவனுக்கு எப்போதும் வால் நிற்காது. வாலை ஆட்டிக்கொண்டு, கூம்பு முட்ட முட்டத் தலையைத் திருப்பித் தேடினான். அவள் அவனுக்கு வலது பக்கம், பத்தடி தூரத்தில், கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள். அவன் இடது பக்கம் திரும்பினான். அங்கே சுவரும் பூந்தொட்டிகளும்தான் இருந்தன.

"கோப்பி! இங்கடா!"

அவனுக்கு இன்னும் சந்தோஷம் வந்துவிட்டது. இடது பக்கமே இரண்டு எட்டு ஓடி, தொட்டிகளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான்.

"கோப்பி!" கோகிலா கத்தினாள். "இங்க இருக்கேன்டா! கோப்பி!"

அவள் கத்தக் கத்த அவன் அந்தப் பக்கமே வேகமாகத் தேடிக்கொண்டு போனான்.